ஒருவேளை சார் கார் விற்ற கதை

தூத்துக்குடித் துறைமுகத்தில் இன்றுவரை இறங்கிய நிலக்கரி, தடிமரம், உர மூட்டை அத்தனையையும் ஒரு தட்டில் ஏற்றி, ஒருவேளை சாரின் பயங்களை மட்டும் மறு தட்டில் வைத்தால், தராசு சார் பக்கம்தான் சாயும். அப்படி ஒரு தராசு கட்டி அவரைப் பக்கத்தில் நிறுத்தினால், அண்ணாந்து அதன் சங்கிலியைப் பார்த்துவிட்டு, "ஒருவேள இது அத்துட்டுன்னா கீழ நிக்கவன் கதி என்னவே?" என்று கேட்டுவிட்டு இரண்டடி தள்ளி நிற்பார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த நல்ல வேதாகமப் பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் வாழ்ந்தது. நாங்கள் வேலை பார்த்த, கப்பல் சரக்குக்குச் சுங்கக் காகிதம் முடித்துக் கொடுக்கும் கிளியரிங் ஆபீசில் முதலாளி முதல் டீ கொண்டுவருபவர் வரை எல்லோருக்கும் அவர் ஒருவேளை சார்தான். வாயைத் திறந்தால் முதலில் வெளியே வருவது அந்த வார்த்தை. மற்றவர்கள் "வணக்கம்" சொல்லும் இடத்தில் அவர், "ஒருவேள இன்னைக்கு கரண்டு போச்சின்னா..." என்று ஆரம்பிப்பார்.

தூத்துக்குடி வெயிலில் மின்விசிறிக்குக் கீழே உட்காராத ஒரே மனிதர் அவர்தான். ஒருவேளை கழன்று விழுந்தால்? சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, சுவரோரமாக உட்கார்ந்து வேலை பார்ப்பார். பிறந்து வளர்ந்தது கடற்கரை. ஆனால் மீன் தொடமாட்டார். ஒருவேளை முள் சிக்கினால்? கப்பலுக்குக் காகிதம் கொண்டுபோக வேண்டும் என்றால் ஏணிப்படியின் கீழே நின்றுகொண்டு என்னை மேலே அனுப்புவார். நான் இறங்கி வரும்வரை படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பார், ஏதோ அவர் விட்டுவிட்டால் கப்பல் கிளம்பிவிடும் என்பதுபோல. ஆபீசில் யாருக்காவது பிறந்தநாள் கேக் வெட்டினால், மெழுகுவர்த்தி ஏற்றியதும் எல்லோரும் கை தட்டுவோம். சார் மட்டும் செம்பில் தண்ணீரோடு பின்னால் நிற்பார்.

பயம் ஒட்டிக்கொள்ளும் வியாதி. அவர் பக்கத்து மேசையில் ஒரு வருடம் இருந்த பிறகு நானும் மின்விசிறிக்குக் கீழிருந்து நாற்காலியை நகர்த்திவிட்டேன்.

இப்படிப்பட்டவர் கார் வைத்திருந்தார் என்பது கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அவர் கார் வாங்கியதே பயத்தால்தான். ஸ்கூட்டர் சரியும், ஆட்டோ கவிழும், பஸ்காரன் பறப்பான். ஆகவே, ஊரைவிட்டுப் போன ஒரு டாக்டரிடமிருந்து பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கினார். ஸ்டியரிங் தண்டிலேயே கியர் இருக்கும் அந்தக் காலத்து மாடல். வெள்ளையாக இருந்து, பாலேடு நிறத்துக்கு வந்திருந்தது. கதவை மூடினால் கோயில் கதவைச் சாத்தியதுபோல் சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் சாருக்கு மூச்சு சீராகும்.

டிக்கியைத் திறந்தால் ஒரு சிறு கப்பலுக்குத் தேவையான சாமான்கள் இருக்கும். கயிறு, தண்ணீர்க் கேன், டார்ச், மாற்று டார்ச், விசில், சக்கரத்துக்கு அண்டை கொடுக்க மரக்கட்டைகள், மணல் நிரப்பிய வாளி. வேகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். துறைமுகச் சாலையில் ஒரு சவ ஊர்வலம் அந்தக் காரை முந்திக்கொண்டு போனதாக ஆபீசில் சொல்லுவார்கள். அது சுத்தப் பொய். நான் காரில் இருந்தேன். ஊர்வலம் எங்களுக்குச் சமமாகத்தான் வந்தது.

நான் அந்தக் காருக்குள் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அப்போது நான் பைக்கில் துறைமுகத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அந்தச் சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லாரிகள் இரு பக்கமும் மதில் மாதிரி நகரும், நடுவில் பைக்கில் போகிறவன் எலி மாதிரி ஓட வேண்டும். ஒரு மாலை நான் இரண்டு டிரெய்லர்களுக்கு இடையே புகுந்து வெளியே வந்ததைச் சார் பார்த்துவிட்டார். மறுநாள் காலை என் வீட்டு வாசலில் அம்பாசிடர் நின்று ஹாரன் அடித்தது.

"ஏறு தம்பி."

"எனக்கு வண்டி இருக்கு சார்."

"வண்டி இருக்கும்லே. நீ இருக்கணும்லா?"

ஏறினேன். அன்றிலிருந்து அந்தக் கார் அவரிடம் இருந்தவரை அதன் முன் சீட்டு என்னுடையது.

சாரின் மனைவி ஜெபமணி டீச்சர். பக்கத்திலுள்ள நாசரேத் ஊர்க்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பயம் என்ற சரக்கு மொத்தமும் சார் பங்குக்குப் போய்விட்டதால் டீச்சருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. குளியலறையில் பாம்பு வந்தபோது சார் தெருமுனையில் இருந்தார். டீச்சர் விளக்குமாற்றோடு உள்ளே இருந்தார். சார் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். சாரின் பயங்களை டீச்சர் மழையைப்போல எடுத்துக்கொண்டார். பெய்யும், ஓயும், நாம் நம் வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கணக்கு மாறியது.

நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வீடு தள்ளியிருந்த சார் வீட்டிலிருந்து அம்பாசிடர் முனகும் சத்தம் கேட்டது. கர்ர், கர்ர் என்று இழுத்து, பிறகு அதுவும் நின்று, வெறும் சாவி திரும்புகிற சத்தம் மட்டும். ஓடினேன். பின் சீட்டில் டீச்சர், ஞாயிறு ஆராதனைக்காகக் கட்டிய வெள்ளைப் புடவையோடு சாய்ந்து கிடந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"யாரோ நெஞ்சுல முட்டியப் போட்டு அமுக்குத மாதிரி இருக்கு தம்பி" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

சார் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். கார் உயிர் பெறவில்லை. நான் தெருமுனைக்கு ஓடி ஒரு ஆட்டோவைப் பிடித்து வந்தேன். ஆட்டோக்காரர் ஒருவழிப் பாதையில் எதிர்த் திசையில் புகுந்தார். வேகத்தடையில் பறந்தார். ஒரு பஸ்ஸுக்கும் மதிலுக்கும் இடையே கைவிரல் அகல இடத்தில் நுழைந்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாரைத் திரும்பிப் பார்த்தேன். வழக்கமாக இந்நேரம் அவர் நூறு தடவை "ஒருவேள" சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசல் வரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று எனக்கு ஆட்டோவின் வேகத்தைவிட அந்த மௌனம்தான் அதிகம் பயம் தந்தது.

கர்த்தர் கிருபையால் பெரிதாக ஒன்றுமில்லை. சின்ன அடைப்பு, மாத்திரையிலேயே சரியாகிவிடும் என்றார் டாக்டர். "ஆனா திரும்ப வலின்னா ஒரு நிமிஷமும் தாமதிக்காம கூட்டிட்டு வந்துரணும்" என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்ததும் டீச்சர் சொன்னார்: "காரை மாத்திருவோம். எனக்குப் பயமா இருக்கு."

கல்யாணமான நாள் முதல் அந்த வாயிலிருந்து வராத வார்த்தை அது. சார் ஆடிப்போனார். பயப்படுவது அவருடைய வேலை. டீச்சர் அந்த வேலையை எடுத்துக்கொண்டால் வீட்டை யார் பார்ப்பது?

மறுநாள் பாட்டரியை மாற்றியதும் கார் எழுந்துவிட்டது. அன்றிலிருந்து ஆபீசுக்குப் போகும் வழியெல்லாம் ஒரே பேச்சு.

"வச்சிருந்தா அவசரத்துக்கு நின்னுருமோன்னு பயமா இருக்கு தம்பி."

"அப்பம் வித்துருங்க சார்."

"வித்தா, வாங்கினவன் எங்கயாவது போய் முட்டிச் செத்துட்டான்னா? அந்தப் பாவம் யாருக்கு?"

"அப்பம் விக்காதிய."

"விக்கலன்னா டீச்சருக்கு?"

"அப்பம் புதுசு வாங்கிட்டு இதையும் வச்சுக்கிடுங்க."

சார் காரை ஓரமாக நிறுத்திவிட்டார். முக்கியமான விஷயம் பேசும்போது அவர் வண்டி ஓட்டுவதில்லை. பின்னால் வந்த டிரெய்லர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைச் சுற்றிப் போயின.

"ஒனக்குப் புரியல தம்பி. இந்தக் கார்ல எது எப்பம் கெட்டுப்போவும்னு எனக்குத் தெரியும். எந்தச் சத்தத்துக்குப் பயப்படணும், எதுக்குப் பயப்பட வேண்டாம்னு எல்லாம் தெரியும். புதுசு வாங்கினா எல்லாத்தையும் மொதல்ல இருந்துல்லா பயப்படணும்? இந்த வயசுல என்னால முடியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

டீச்சர் நச்சரித்து எங்கள் இருவரையும் ஒரு ஷோரூமுக்கு அனுப்பிவைத்தார். அங்கே டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் ஒரு சின்ன சிவப்புக் காரைச் சுற்றி வந்து விளக்கினார்.

"சார், இதுல ஏர்பேக் இருக்கு. இடிச்சா பலூன் மாதிரி விரிஞ்சி உங்களைக் காப்பாத்தும்."

"ஒருவேள இடிக்காமலே விரிஞ்சிட்டுன்னா?"

"அப்படி ஆகாது சார். அப்புறம், கொஞ்ச தூரம் ஓட்டினதும் கதவு தானா பூட்டிக்கும்."

சார் என்னைப் பார்த்தார். "பூட்டிக்கிடுமாம்" என்றார், ஜெயில் தண்டனை அறிவித்ததுபோல. "ஒருவேள தொறக்கலன்னா?"

"கண்ணாடியை இறக்கலாம் சார்."

"கண்ணாடியும் கரண்டுல்லா?"

விற்பனையாளர் டையைத் தளர்த்தினார். "சார், பயப்படாதீங்க" என்றார். அதுதான் அவர் செய்த தவறு.

"பயப்படாதன்னு சொல்லிட்டு எத்தன பேரு போய்ச் சேந்திருக்கான் தெரியுமா?" என்று சார் ஆரம்பித்தார். வெளியே வரும்போது அந்த மனிதர் தன் வீட்டு கேஸ் சிலிண்டரை மூடியாச்சா என்று மனைவிக்குப் போன் செய்துகொண்டிருந்தார்.

ஆனாலும் சார் அந்தச் சிவப்புக் காருக்கு முன்பணம் கட்டிவிட்டார். டீச்சர் முகத்துக்காக. இனி அம்பாசிடரை விற்க வேண்டும்.

வாங்க ஆள் வராமல் இல்லை. பழைய கார் என்றால் இப்போது மவுசு. கடற்கரைச் சாலையில் நிறுத்தினாலே ஆட்கள் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். வந்தவர்களை எல்லாம் சார், பெண் கொடுக்கப் போகிறவர்போல் விசாரித்தார். ஒருவர் வேகமாகப் பேசினார். வேகமாகப் பேசுபவன் வேகமாக ஓட்டுவான் என்று அனுப்பிவிட்டார். இன்னொருவர் காரின் கதவைப் படாரென்று அடித்தார். அவர் போன பிறகு சார் கதவைத் தடவிக் கொடுத்தார்.

கடைசியாக வந்தவர் காயல்பட்டினத்துக்காரர். மஸ்கட்டில் நெடுங்காலம் கடை நடத்திவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். எல்லோரும் அவரை மஸ்கட் காக்கா என்றார்கள்; அந்த ஊரில் காக்கா என்றால் அண்ணன். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம், நிதானமான பேச்சு. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததால் சார் காரைக் குறை சொல்ல ஆரம்பித்தார்.

"காக்கா, மழையில வைப்பர் வேல செய்யாது. காலையில சூடாவ நேரமாவும். அடியில துரு. பிரேக்கு எப்பமாவது கொஞ்சம் எறங்கும். ஒருவேள ஒங்களுக்கு ஏதாவது ஆயிட்டுன்னா என் மனசு என்ன பாடுபடும்? யோசிச்சுப் பாருங்க."

மஸ்கட் காக்கா யோசித்துப் பார்த்தார். பிறகு எழுந்து சாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நான் எத்தனையோ வியாபாரம் பண்ணிட்டேன். தன் சரக்கோட குறையை இவ்ளோ சொன்ன ஆளைப் பாத்ததில்ல. நீங்க வித்தா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம். இன்ஷா அல்லா, சனிக்கிழமை காயல்பட்டினத்துல வச்சு சாவியக் குடுங்க."

காக்கா போனதும் சார் நாற்காலியில் சரிந்தார். "என்ன தம்பி, உண்மையச் சொன்னா ஓடிருவாருன்னு பாத்தா, வாங்கிட்டாரே!"

சனிக்கிழமை காலை கிளம்பினோம். சார் ஓட்ட, நான் முன் சீட்டில். டீச்சர் வரவேண்டாம் என்று நாங்கள் இருவரும் எவ்வளவோ சொன்னோம். "கடைசியா ஒரு தடவ போய்ட்டு வாரேன்" என்று பின் சீட்டில் ஏறிவிட்டார். முள்ளக்காடு தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் உப்பளம். பாத்திகளில் தண்ணீர் கண்ணைக் குத்தியது. உப்பை அள்ளிக் குவித்து ஓலை வேய்ந்த அம்பாரங்கள் வெள்ளை வீடுகள்போல் வரிசையாக நின்றன. காற்று எதிரிலிருந்து அடித்தது.

"கொஞ்சம் மிதியுங்களேன், காக்கா காத்துக்கிட்டு இருப்பாவ" என்றார் டீச்சர். சார் அன்று ஏனோ அவர் பேச்சைத் தட்டவில்லை. அவர் வழக்கத்துக்கு அது பேய் வேகம். வேறு யாருக்கும் அது நல்ல வேகம்தான்.

ஒரு சின்னப் பாலத்தில் ஏறி இறங்கும்போது எதிரே பார்த்தேன். சரிவின் கீழே உப்பு லாரி ஒன்று பாதிச் சாலையை அடைத்து நின்றது. மீதிப் பாதியில் உப்பளத்துப் பெண்கள் தலையில் கூடையோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். சார் பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை. மறுபடி மிதித்தார். பெடல் ஈரத் துணியை மிதித்ததுபோல் தரை வரை போனது.

"தம்பி, பிரேக் இல்ல" என்றார்.

அந்தக் குரலை என்னால் மறக்க முடியாது. இன்றைக்குப் பால் வரவில்லை என்று சொல்கிற குரல். நான் கத்த ஆரம்பித்தேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. அம்மாவைக் கூப்பிட்டதாகப் பிறகு டீச்சர் சொன்னார்.

"கத்தாத. கால ஊனிக்கோ. டீச்சர், முன் சீட்ட இறுக்கிப் புடிச்சுக்கோ, தலையக் குனிஞ்சுக்கோ."

ஒரு கை ஹாரனில். மறு கை கியரைக் கீழே தள்ளியது. என்ஜின் அடிவயிற்றிலிருந்து ஊளையிட்டது. அந்தப் பெண்கள் திரும்பிப் பார்த்து, கூடையைப் போட்டுவிட்டுச் சிதறினார்கள். ஒரே ஒரு அம்மாள் மட்டும் நடுச் சாலையில் கல்லாக நின்றுவிட்டாள். அவள் கண்களை நான் பார்த்தேன், அவ்வளவு பக்கத்தில்.  கார் இடப்பக்கம் திரும்பியது. மண் பாதை, பள்ளம், என் தலை கூரையில் மோதியது. முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழுந்து வந்தது. அம்பாரம். சார் கைப் பிரேக்கை இழுத்தார். ஓலை கிழிகிற சத்தம். அப்புறம் புஸ்ஸென்று, தலையணைக்குள் புகுந்ததுபோல் கார் உப்புக்குள் புகுந்து நின்றது.

அமைதி. திறந்திருந்த கண்ணாடி வழியாக உப்பு மெதுவாக என் மடியில் கொட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்ததால் வாய் நிறைய உப்பு.

"டீச்சர்?" என்றார் சார்.

"இருக்கேன்" என்றார் டீச்சர்.

உப்பளத்துக் கணக்கப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "ஏலே, யாருலே அது? வேற எடமே கெடைக்கலயா ஒங்களுக்கு?"

சார் கதவைத் தள்ளித் திறந்து, தலை முதல் கால் வரை வெள்ளையாக இறங்கினார். "பிரேக் இல்ல அண்ணாச்சி. ஒங்க உப்பு இல்லன்னா இன்னைக்கு நாங்களும் இல்ல" என்று கும்பிட்டார். கணக்கப்பிள்ளை டீச்சருக்குத் தண்ணீர் கொண்டுவர ஓடினார். சாலையில் கல்லாக நின்ற அம்மாளும் வந்தாள். வந்து சாரைத் திட்டினாள். மூச்சு வாங்கும்வரை திட்டிவிட்டு, உட்கார்ந்து அழுதாள். டீச்சர் அவளைத் தட்டிக்கொடுத்து ஓலைக் கொட்டகை நிழலுக்குக் கூட்டிப் போனார்.

நானும் சாரும் வரப்பில் உட்கார்ந்தோம். நான் வாயிலிருந்த உப்பைத் துப்பினேன். சார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எப்படி சார் ஒங்களுக்குப் பயமே இல்லாம போச்சி?"

"பயப்பட்டு முடிச்சாச்சில்லா தம்பி" என்றார். "கார் வாங்கின நாள்ல இருந்து மனசுக்குள்ள தெனமும் பிரேக் போவும். எந்த எடத்துல போனா எங்கன திருப்பணும்னு யோசிச்சு வச்சிருக்கேன். டீச்சர் ஊருக்குப் போற ரோடு இது. இந்தப் பாலத்துல எறங்கும்போதெல்லாம், ஒருவேள இங்கன போச்சின்னா அம்பாரம்னு நெனச்சுக்கிடுவேன். இன்னைக்கு நெசமாவே போச்சி. அவ்வளவுதான்."

இதைச் சொல்லிவிட்டு, துடைத்த முகத்தையே மறுபடியும் மறுபடியும் துடைத்தார்.  நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் கொட்டகைப் பக்கம் பார்த்தார். அங்கே டீச்சர் அந்த அம்மாளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்துக்கும் யோசிச்சு வச்சேன் தம்பி. தீ புடிச்சா, கரண்டு அடிச்சா, கடல் உள்ள வந்தா... எல்லாத்துக்கும். டீச்சருக்கு மட்டும் யோசிக்கல. அன்னைக்கு ஆட்டோவுல அந்த ‘ஒருவேள’ வாய் வரைக்கும் வந்துட்டு. சொல்லிட்டா நடந்துருமோன்னு முழுங்கிட்டேன்."

 உப்புக் காற்றில் இரண்டு பேருக்கும் கண் எரிந்தது. அப்படித்தான் அன்று டீச்சரிடம் சொன்னோம்.

சார் போன் செய்து, "காக்கா, இந்தக் கார ஒங்களுக்குத் தரமாட்டேன், இது ஆளக் கொல்லும்" என்று சொல்லிவிட்டார். சிறிது நேரத்தில் மஸ்கட் காக்கா தன் காரிலேயே வந்து இறங்கினார். அம்பாரத்துக்குள் மூக்கை நுழைத்து நின்ற அம்பாசிடரை ஒரு சுற்று சுற்றிவந்தார்.

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவலியே சார்?"

"இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப எனக்கு இந்தக் கார்தான் வேணும்."

"காக்கா, பிரேக் இல்லன்னு சொல்லுதேன்லா!"

"யாரு ஓட்டப் போறா? நான் ஓட வேண்டியதெல்லாம் மஸ்கட்லயே ஓடிட்டேன். வீட்டு வாசல்ல நின்னா போதும். சாயங்காலம் நானும் என் கூட்டாளியளும் உள்ள உக்காந்து டீ குடிப்போம்."

சாரின் முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு ரத்தம் ஓடியது. நிற்கிற கார். ஓடாத கார். யாரையும் இடிக்காத, யாரும் இடிக்காத கார். உலகத்திலேயே பத்திரமான கார் அல்லவா அது? இருந்தாலும் கடைசியாகக் கேட்டார்: "ஒருவேள வாசல்ல இருந்து உருண்டுட்டுன்னா?"

"கல்லு வைப்போம் சார்."

"கல்லு நகரும்" என்று டிக்கியைத் திறந்து மரக்கட்டைகளை எடுத்துக் காக்கா கையில் கொடுத்தார் சார். கிரேன் வந்து காரை இழுத்துப் போகும்போது அவர் பார்க்கவில்லை. சங்கிலி அறுந்துவிடுமோ என்று முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். அப்படித்தான் சொன்னார்.

அடுத்த வாரம் சிவப்புக் கார் வந்தது. சார் அதைக் கும்பிட்டு ஏறி, கும்பிட்டு இறங்கினார். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் சீட்டிலிருந்து துள்ளினார். பின்னால் எடுக்கும்போது அது கீங் கீங் என்று கத்தினால் காரை விட்டே இறங்கிவிடுவார். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்த டீச்சர், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார்.

"இந்த வயசுலயா டீச்சர்?" என்று அலறினார் சார்.

"ஒருவேள ஒங்களுக்கு ஏதாவது ஆச்சின்னா ஆஸ்பத்திரிக்கு யாரு ஓட்டுவா?" என்றார் டீச்சர். அந்த வார்த்தையை வைத்து சாரை மடக்கிய முதல் ஆள் அவர்தான். 

இப்போது டீச்சர்தான் ஓட்டுகிறார். நன்றாக மிதிக்கிறார். பஸ்களை முந்துகிறார். பக்கத்து சீட்டில் சார், இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்து மிதித்து அந்த இடத்துக் கம்பளம் தேய்ந்துவிட்டது. ஒரு முறை புன்னைக்காயல் கல்யாணத்துக்கு அவர்களோடு பின் சீட்டில் போனேன். இறங்கியதும் நானும் சாரும் கோயில் மதிலைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றோம். டீச்சர் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே உள்ளே போனார்.

சார் ஓய்வு பெற்ற பிறகு நான் மறுபடியும் பைக்கில்தான் துறைமுகத்துக்குப் போய்வருகிறேன். தினமும் மாலை வீட்டுக்குள் நுழைந்து சட்டையைக் கழற்றும்போது அவரிடமிருந்து போன் வரும். "வந்துட்டியா தம்பி?" "வந்துட்டேன் சார்." அவ்வளவுதான் பேச்சு. வைத்துவிடுவார். என் மனைவி சிரிப்பாள்.

போன மாதம் ஒரு நாள் மாலை போன் வரவில்லை. காப்பி குடித்தேன். வரவில்லை. நானே கூப்பிட்டேன். மணி அடிக்கவே இல்லை. டீச்சர் நம்பருக்கும் பதில் இல்லை. மனைவி ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று காதில் விழவில்லை. தெருவில் நடந்தேனா ஓடினேனா என்று தெரியாது.

சார் போர்ட்டிகோவில் சிவப்புக் காருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தட்டில் அரிசி. அரிசிக்குள் அவருடைய போன்.

"தண்ணி வாளிக்குள்ள விழுந்துட்டு தம்பி. அரிசியில போட்டா காயுமாம். என்ன, இந்நேரத்துல?"

"சும்மாதான் சார். இப்படி நடந்து வந்தேன்."

அடுக்களையிலிருந்து டீச்சர் வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். ஒரு காலில் என் செருப்பு. மறு காலில் என் மனைவியின் செருப்பு.

 டீச்சர் சாருக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.